சென்ற வழியும் மீளும் வழியும்

மாத்தளை நகரிலிருந்து ரத்தொட்டை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை, ரிவஸ்டனில் மலையைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியை ஊடறுத்து, இலுக்கும்புர ஊடாகப் பல்லேகமவை நோக்கி இறங்குகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இம்மறுபுறச் சரிவே லக்கலப் பிரதேசமாகும். 2010ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபோது இம்மலைத்தொடரின் காடுகளும் அதனுள் அடங்கின. ரிவஸ்டன் உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று ஓங்கி நிற்கின்றது. எனினும், வானொலி அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்லும் இயல்பினது. மலை குறுக்கிட்டால் அதன் பின்னே நிழல் விழுவது போல, அலைக்கும் நிழல் உண்டு. கோபுரத்தின் அடியிலே வாழ்ந்தும் கோபுரத்தின் பயனைப் பெறாத பள்ளத்தாக்குகள் இதனாலேயே அங்கு உளவாயின.

இப்பிரதேசத்து மக்களுக்குப் பாதை என்பது மாறாத பொருளன்று. மொரகஹகந்த - களு கங்கைத் திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018ஆம் ஆண்டிலே நீர் நிரப்பத் தொடங்கியபோது, பழைய லக்கல நகரம் நீருள் மூழ்கியது. கடைகளும் அலுவலகங்களும் புதிதாக அமைக்கப்பட்ட நகருக்குப் பெயர்ந்தன. நீரின் விளிம்புவரை சென்று அங்கே முடிந்துவிடும் பழைய பாதைத் துண்டுகளைக் காண்போர், வழிகாட்டி ஒன்று உண்மையாயிருப்பதற்கும் ஒருகாலத்தில் உண்மையாயிருந்தமைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

அவ்வாறு பெயர்ந்த குடும்பங்களுள் ஒன்று, இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர் மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து சிறு பலசரக்குக் கடை நடத்திய தமிழ்க் குடும்பமாகும். அக்குடும்பத்தின் மூத்த மகள் அக்காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திலே மூன்றாம் ஆண்டு மாணவி. குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த முதலாமவளும் அவளே. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோய்ப் பரவல் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அவளும் புத்தகப் பையோடு வீடு திரும்பினாள். விரிவுரைகள் இணையவழியாயின. அடுத்த ஆண்டிலே பரீட்சைகளும் இணையவழியாயின. பரீட்சைக்குத் தோற்றாதவர் மீளத் தோற்றலாம். ஆயின் அவ்வாறு தோற்றுவோர்க்கு உயர்ந்த தரம் வழங்கப்படுவதில்லை. சிறப்பு வகுப்பொன்றினை எதிர்நோக்கியிருந்த அம்மாணவிக்கு ஒவ்வொரு வினாத்தாளும் இதனால் மிகப் பெறுமதி வாய்ந்ததாயிற்று.

அவளிடமிருந்தவை ஒரு பழைய மடிக்கணினியும், கைத்தொலைபேசி அட்டை ஒன்றினைத் தாங்கிய டொங்கிள் ஒன்றுமே. டொங்கிள் புதுமையான கருவியாகத் தோன்றினும், கணினி அதனைப் பழைய மொடமாகவே கருதிற்று. நட்சத்திரக் குறியோடு 99 என்னும் இலக்கத்தை அழைத்து, மறுமுனை விடையளித்த பின்னரே இணைப்பு ஏற்பட்டது. தொலைபேசியை அழைத்துக் கணினிகளைப் பிணைக்கும் இம்முறை இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால் 'லேர்ன்' மின்னஞ்சற் சேவை தொடங்கியபோதும் தொலைபேசி அழைப்பே அதன் உயிராயிருந்தது. வர்த்தக அடிப்படையிலான இணையச் சேவை இந்நாட்டிற்கு வந்தது 1995ஆம் ஆண்டிலேயாகும்.

பரீட்சைக் கணினி பல்கலைக்கழக வளாகத்தினுள் இருந்தது. வெளியிலிருந்து எவரும் அதனை நேரே அணுகவியலாது. எனவே, பொது இணையத்தின் ஊடாக வளாகத்தின் உள்ளே செல்லும் சுரங்கவழி ஒன்று ஒவ்வொரு மாணவருக்கும் வழங்கப்பட்டது. வீ.பீ.என். என்று வழங்கப்படும் இவ்வமைப்பினை விளங்கிக்கொள்ள மாத்தளை மாவட்டத்தவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பொல்கொல்லையிலே மகாவலியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தினுட் புகுந்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சென்று, உக்குவளை மின்னிலையத்தில் வெளிப்பட்டுச் சுது கங்கையோடு கலக்கின்றது. 1976ஆம் ஆண்டு முதல் இது நிகழ்ந்து வருகின்றது. மேலே மலையிலே நடப்பவர், தம் காலடியில் ஆறு செல்வதை அறியார். இணையச் சுரங்கமும் இத்தகையதே. கணினி அனுப்பும் ஒவ்வொரு பொதியும் இன்னொரு பொதியின் உறையுள் இடப்படுகின்றது. இடையிலுள்ள கருவிகள் வெளியுறையிலுள்ள முகவரியை மட்டுமே காண்கின்றன. சுரங்கத்தின் மறுமுனையில் உறை பிரிக்கப்பட்டு, உள்ளிருக்கும் பொதி தன் பயணத்தைத் தொடர்கின்றது.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னதாக ஒத்திகை நடைபெற்றது. அம்மாணவியின் கணினி அழைத்தது, இணைப்பு ஏற்பட்டது, சுரங்கமும் திறந்தது. அதன்பின் சில நொடிகளில் எல்லாமே ஓய்ந்தன. மீண்டும் மீண்டும் முயன்றும் அதே விளைவு. தந்தையார் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார். "இந்தப் பெட்டி பழசும்மா, அதுதான்" என்று அவர் கூறிய ஆறுதல் அவளை ஆற்றவில்லை. பல்கலைக்கழகத்தின் கணினி வலையமைப்புப் பிரிவிலே பணிபுரிந்த இளைஞர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைத் தோழி ஒருத்தி மூலம் பெற்று அழைத்தாள். அவர் உக்குவளையைச் சேர்ந்தவர். "தங்கச்சி, அவசரப்படாதீங்க. ஒரு கொப்பி எடுத்து, செய்யிறது ஒவ்வொன்றையும் நேரத்தோட எழுதுங்க" என்றார். "சரி அண்ணா" என்று அவள் எழுதத் தொடங்கிய அக்கொப்பியே பின்னர் அவளுடைய சாட்சியாயிற்று.

இணையத்திலே எக்கருவிக்கும் முழு வழியும் தெரியாது. 1981ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் அடிப்படை இதுவே. ஒவ்வொரு கருவியும் ஒரு வழி அட்டவணையை வைத்துக்கொண்டு, 'இன்ன முகவரிக்குரியதை இன்ன வாசலாற் கொடு' என்ற அளவிலேயே முடிவு செய்கின்றது. அட்டவணையிற் குறிப்பாகக் கூறப்படாத எல்லாவற்றுக்கும் பொதுவாசல் ஒன்று உண்டு. சுரங்கம் திறந்ததும் அவளுடைய கணினி அப்பொதுவாசலைச் சுரங்கத்தின் பக்கம் திருப்பிவிட்டது. அப்போது சுரங்கத்தைத் தாங்கிச் சென்ற வெளியுறைகளும் சுரங்கத்தினுள்ளேயே செலுத்தப்பட்டன. பொல்கொல்லைச் சுரங்கத்தின் வாயிலைச் சுரங்கத்தினுள்ளேயே கொண்டுபோய் வைத்தால் எவ்வாறிருக்குமோ, அவ்வாறிருந்தது அந்நிலை. சுரங்கத்தின் மறுமுனைக்குரிய முகவரி ஒன்றினை மட்டும் டொங்கிளின் வழியே நேராக அனுப்புமாறு அட்டவணையிலே ஒரு வரி சேர்க்கப்பட்டதும் இணைப்பு நிலைத்தது.

இத்தகைய இடர் சிற்றூர்க் கணினிகளுக்கு மட்டும் உரியதென எண்ணுதல் பிழை. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி முகநூல் நிறுவனம் தனக்கு வரும் வழிகளைப் பற்றிய அறிவிப்பு உலகின் அட்டவணைகளிலிருந்து நீங்குமாறு தவறிழைத்து, ஏறத்தாழ ஆறு மணி நேரம் இணையத்திலிருந்து மறைந்து போயிற்று. அதனைச் சீர்செய்ய வேண்டிய பொறியியலாளரின் கருவிகளும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தன. தன் வழியைத் தானே அடைத்துக்கொண்ட நிலை என்ற அளவில், அப்பெருநிறுவனமும் லக்கலயின் மடிக்கணினியும் ஒரே வரிசையில் நின்றன.

அடுத்து வேறோர் இடர் தோன்றியது. வளாகத்துக் கணினிக்குப் 'பிங்' அனுப்பினாற் பதில் வந்தது. ஆயின் பரீட்சைப் பக்கம் திறக்கவில்லை; திரை வெண்மையாகவே நின்றது. பிங் என்பது 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய சிறு நிரல். நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி ஒலியெழுப்பி எதிரொலிக்காகக் காத்திருப்பதைப் போன்று, ஒரு பொதியை அனுப்பி அதன் எதிரொலிக்காகக் காத்திருப்பது அது. சிறிய பொதி செல்கின்றது, பெரிய பொதி செல்லவில்லை என்பதே இங்கு நிகழ்ந்தது. வழக்கமான பொதியொன்றின் உச்ச அளவு 1500 பைட். சுரங்கத்தின் பொருட்டு மேலும் ஓர் உறை இடும்போது அது வழியின் அகலத்தை விஞ்சிவிடுகின்றது. விஞ்சினால், இடையிலுள்ள கருவி 'பெரிது, சிறிதாக்கி அனுப்பு' என்று அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். பாதுகாப்புக் கருதி அவ்வறிவித்தல்களை எவரேனும் இடையிலே தடுத்துவிட்டால், அனுப்பியவர் தம் பிழையை ஒருபோதும் அறியார், அனுப்பிக்கொண்டேயிருப்பார்.

இதனைக் கண்டறியும் முறையை அந்த இளைஞர் விளக்க, மாணவியே செய்து முடித்தாள். இடையிலே பிரிக்கப்படலாகாது என்ற குறியோடு 1400 பைட் அளவில் ஒரு பொதியை அனுப்பினாள், பதில் இல்லை. 1200இற்குப் பதில் வந்தது. 1300இற்கும் வந்தது. 1350இற்கு வரவில்லை. சுரங்கத்தின் உச்ச அளவு 1300 எனக் குறிக்கப்பட்டதும் பரீட்சைப் பக்கம் திறந்தது. கலைப்பீட மாணவி ஒருத்தி, பல பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் தெளியும் பொறுமையோடு இதனைச் செய்தாள் எனலாம். கொப்பியில் அன்றைய பக்கத்திலே ஒவ்வோர் அளவும், நேரமும், அன்று தன் கணினிக்குச் சுரங்கம் வழங்கிய முகவரியும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. ஒத்திகை நிறைவெய்தியது.

பரீட்சை நாள் காலை ஒன்பது மணிக்கு முதல் வினாத்தாள். எட்டரை மணிக்குச் சுரங்கம் திறந்தது. பரீட்சைப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. உதவிக்கென அறிவிக்கப்பட்டிருந்த இலக்கத்தை அழைத்தபோது, "உங்கள் பகுதியிலே சிக்னல் குறைவு, உயரமான இடம் ஒன்றுக்குச் செல்லுங்கள்" என்ற மறுமொழி கிடைத்தது. மாணவர் பாறைகளிலும் மரங்களிலும் ஏறியிருந்து விரிவுரை கேட்ட காலம் அது. ஆதலின் அம்மறுமொழி எவருக்கும் வியப்பளிக்கவில்லை. தந்தையார் அடுத்த வீட்டு முச்சக்கர வண்டியை வாயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். "வாம்மா, ரிவஸ்டனுக்கே போய்டுவோம். இன்னும் நேரம் இருக்கு" என்றார்.

அவள் எழவில்லை. கொப்பியைப் பார்த்தாள். சுரங்கத்தின் மறுமுனையிலுள்ள வாயிற்கணினிக்கு அனுப்பிய பிங் ஒவ்வொன்றுக்கும் தவறாது பதில் வந்துகொண்டிருந்தது. வழியிலுள்ள ஒவ்வொரு கருவியையும் வரிசையாக விளித்து விடை பெறும் 'ட்ரேஸ்ரூட்' நிரலை ஓட்டினாள். ஒவ்வொரு பொதிக்கும் இத்தனை கருவிகளைத்தான் கடக்கலாம் என்ற வரம்பு உண்டு. அவ்வரம்பை ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டிக்கூட்டி அனுப்பினால், ஒவ்வொரு வரம்பும் தீருமிடத்திலுள்ள கருவி தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் என்பவர் எழுதிய நிரல் இது. முதற் படியில் வாயிற்கணினி விடையளித்தது. இரண்டாம் படி முதல் வெறும் நட்சத்திரக் குறிகளே தோன்றின. சிக்னல் பழுதாயின் வாயிலிலிருந்தும் விடை வந்திராது. "அப்பா, சிக்னல்ல பிழையில்ல. கெம்பஸ் வாசல் வரைக்கும் போய்ட்டு வருது. உள்ள போனதுதான் திரும்பி வரல்ல. மலைக்குப் போனா இருக்கிற நேரமும் போய்டும்" என்றாள்.

தந்தையார் முதன்முறையாக அவள்மீது சினந்தார். அச்சினத்திலே நியாயம் இல்லாமலில்லை. மகள் வீட்டிலிருந்துகொண்டே தன் எதிர்காலத்தை இழப்பதாகவே அவருக்குத் தோன்றிற்று. முயற்சி என்பது அவரைப் பொறுத்தவரை எழுந்து செல்வதாகும். அவளுக்கோ, பிழையில்லாத ஒன்றைத் திருத்தப் புறப்படுவது, பிழை எங்குளதென்று அறிந்தும் அதனைக் கைவிடுவதாகவே பட்டது. வண்டி வாயிலிலேயே நின்றது. உக்குவளை இளைஞரின் தொலைபேசி ஓயாது ஒலித்தும் எடுப்பாரில்லை. பதினொன்றே முக்காலுக்கு அவர் எடுத்தார்.

"அண்ணா, வாசல் பதில் சொல்லுது. உள்ளுக்கு ஒன்றுமே இல்ல."

"தங்கச்சி, இன்றைக்குச் சுரங்கத்தால கிடைச்ச இலக்கம் என்ன?"

அவள் வாசித்தாள். ஒத்திகை நாட்களில் 10.20.4 எனத் தொடங்கிய முகவரி, அன்று 10.20.8 எனத் தொடங்கியது. மறுமுனையிலே சற்று நேரம் அமைதி நிலவியது. "பிழை உங்கட பக்கம் இல்ல. எங்கட பக்கம்தான்" என்றார் அவர்.

நடந்தது இதுவே. பெருந்தொகையான மாணவர் ஒரே நேரத்தில் இணைவர் என்பதால், முதல்நாள் இரவு சுரங்கத்துக்குரிய முகவரித் தொகுதி விரிவாக்கப்பட்டிருந்தது. பழைய தொகுதி நிரம்பிய பின்னர் வந்தோர்க்குப் புதிய தொகுதியிலிருந்து முகவரி வழங்கப்பட்டது. ஆயின், வளாகத்தின் உள்ளேயுள்ள பிரதான ரவுட்டரின் அட்டவணையில், புதிய தொகுதிக்கு மீளும் வழி எழுதப்படவில்லை. லக்கலயிலிருந்து புறப்பட்ட வேண்டுகோள் மலை கடந்து, சுரங்கம் கடந்து, பரீட்சைக் கணினியைச் சென்றடைந்தது. பரீட்சைக் கணினி அதற்கு மறுமொழியும் எழுதிற்று. அம்மறுமொழி ரவுட்டரை அடைந்தபோது, அதற்குரிய வாசல் எதுவென அறியாத ரவுட்டர் அதனைப் பொதுவாசலால் வெளியுலகுக்கு அனுப்பிவிட்டது. உள்முகவரியைத் தாங்கிய பொதியை வெளியுலகம் ஏற்பதில்லை. அது அங்கே கைவிடப்பட்டது. வாயிற்கணினி தான் வழங்கிய முகவரிகளைத் தானே அறிந்திருந்தமையால் அதனிடமிருந்து மட்டும் விடை வந்துகொண்டிருந்தது. ரவுட்டரின் அட்டவணையில் ஒரேயொரு வரி சேர்க்கப்பட்டபோது மணி பன்னிரண்டைக் கடந்துவிட்டது. பக்கம் திறந்தது, வினாத்தாளின் நேரம் முடிந்திருந்தது.

எஞ்சிய வினாத்தாள்களை அவள் தடையின்றி எழுதினாள். முதல் வினாத்தாளுக்கு அவளுடைய பெயரின் எதிரே 'தோற்றவில்லை' என்று குறிக்கப்பட்டது. ஒரு வார காலம் அவ்வீட்டில் அதைப்பற்றி எவரும் பேசவில்லை. பின்னர் அவள் பீடச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரக்கத்தை வேண்டும் கடிதமன்று அது. கொப்பியின் இரண்டு பக்கங்களின் பிரதியை இணைத்து, எட்டரை மணி முதல் பன்னிரண்டு மணி வரை எக்கருவி விடையளித்தது, எது விடையளிக்கவில்லை என்பதைக் கால ஒழுங்கில் தந்து, 'இவ்வேளையில் இணைப்பு இருந்தது, மாணவி தோற்றினாள், மறுமொழியே அவளை வந்தடையவில்லை' என்று முடித்திருந்தாள். வலையமைப்புப் பிரிவின் இளைஞரும், தம் பிரிவின் தவறு வெளியாகும் என்பதை அறிந்தும், அன்றைய பதிவேட்டினைச் சபையின் முன் வைத்தார். இவ்விடயத்தில் அவருக்கிருந்த துணிவு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

பதிவேட்டை ஆராய்ந்தபோது, அன்று காலை புதிய தொகுதியில் முகவரி பெற்ற மாணவர் பலர் இருந்தமை தெரியவந்தது. அவர்கள் வெவ்வேறு மாவட்டங்களிற் சிதறியிருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அதே விடையே கூறப்பட்டிருந்தது: உங்கள் ஊரிலே சிக்னல் குறைவு. சிலர் குன்றேறினர், சிலர் அயலூருக்கு ஓடினர், சிலர் தம் வறுமையையும் பழைய கருவியையும் நொந்துகொண்டு அமைந்தனர். ஒருவர் பிழையை மற்றவர் அறிய வழியின்மையால், ஒரு பொதுப் பிழை பல தனிப் பிழைகளாகத் தோற்றமளித்தது. அவர்கள் அனைவருக்கும் அவ்வினாத்தாளை முதற் தடவையாகவே மீண்டும் எழுதும் வாய்ப்பினைப் பீடச் சபை வழங்கிற்று.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை கணினித் துறைக்கு மட்டும் உரியதன்று. எல்லைப்புறத்து ஊர் ஒன்றிலிருந்து மையத்தை நோக்கிச் செல்லும் வழிகள் எப்பொழுதும் பேசப்படுகின்றன. வீதி திறக்கப்படுகின்றது, கோபுரம் எழுப்பப்படுகின்றது, விண்ணப்பப் படிவம் வழங்கப்படுகின்றது. மையத்திலிருந்து அவ்வூருக்கு மறுமொழி மீளும் வழியும் அட்டவணையில் எழுதப்பட்டுள்ளதா என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மறுமொழி வராதபோது, அது எங்கே தவறியது என்று தேடுமுன்னரே, கேட்டவர் இருக்கும் இடம் குற்றஞ்சாட்டப்படுகின்றது. தொலைவு, வறுமை, மலை ஆகியன உண்மையான தடைகளே. அவை உண்மையாயிருத்தல் காரணமாகவே, பிற தடைகளுக்கும் அவை எளிதிற் பெயராகிவிடுகின்றன. மொழி வேறுபாட்டினால் மறுமொழி பெறாது நிற்கும் கடிதங்களைக் கண்டோர்க்கு இதற்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

அதன் பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் வலையமைப்புப் பிரிவில் ஒரு நடைமுறை ஏற்படுத்தப்பட்டது. முகவரித் தொகுதி மாற்றப்படும் ஒவ்வொரு வேளையும், வளாகத்துக்கு வெளியே, டொங்கிள் வழியாக இணையும் ஒருவர் புதிய முகவரியோடு உள்ளே சென்று மீளும்வரை அம்மாற்றம் நிறைவுற்றதாகக் கொள்ளப்படமாட்டாது. முதன்முறை அச்சோதனையைச் செய்து தருமாறு இளைஞர் வேண்டிக்கொண்டது லக்கல மாணவியையே. அவள் கடையின் பின்னறையிலிருந்து அதனைச் செய்து, நேரத்தையும் முகவரியையும் அதே கொப்பியில் எழுதினாள். அருகிலிருந்த தந்தையார், "பதில் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.